குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, நகர்வாழ் சகோதர சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம்.

தெருவிளக்கு, மழைநீர் வடிகால், பூங்காச் சுற்றுச்சுவர் பற்றிய விவரங்கள் உங்கள் கையிலுள்ள தாளில் இருக்கின்றன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சென்ற பொதுக்குழுவில் ஒரு தாய் எழுந்து, "குடியை விடவேண்டும் என்று அவரே சொல்கிறார், எங்கே அழைத்துப் போவது?" என்று கேட்டார். அதற்கு அன்று நம்மில் ஒருவரிடமும் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடியதுதான் இவ்வாண்டின் முதன்மையான பணி என்று கருதுகிறேன்.

நம் பகுதியில் தெரிந்த வழிகள் இரண்டு: கோயிலிலோ தர்காவிலோ கயிறு கட்டிக்கொள்வது, சபரிமலைக்கு மாலை போடுவது. மாலை கழுத்தில் இருக்கும்வரை ஒரு சொட்டும் தொடாதவர்களை நாம் அறிவோம். அந்த உறுதி உண்மையானது. மாலையைக் கழற்றிய மறுநாள் துணைக்கு யாரும் இல்லாததே குறை. அந்த மறுநாளுக்குத்தான் குழு தேவைப்படுகிறது.

குடியை நிறுத்த விரும்புவோர் கூடி ஒருவருக்கொருவர் துணைநிற்கும் அத்தகைய குழுக்களின் அமைப்பான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியால் நொடிந்த ஒரு பங்குத் தரகரும் ஒரு மருத்துவரும் சந்தித்ததில் பிறந்தது. குடியை நிறுத்தவேண்டும் என்ற விருப்பம் ஒன்றே அதில் சேரத் தகுதி. கட்டணம் கிடையாது. வெளியார் நன்கொடையையும் ஏற்பதில்லை; கூட்ட அறை வாடகைக்கு நம் சங்கம் தர முன்வந்த தொகையை அன்போடு மறுத்துவிட்டார்கள்.

கூட்டம் நடக்கும் இடங்களைத் திரட்டுவது எளிதாக இல்லை. கிடைத்த பட்டியல்கள் பழையவை. ஓரிடத்தில் கிழமை மாறியிருந்தது, இன்னோரிடத்தில் கதவு பூட்டியிருந்தது. பல நாள் தயங்கி, ஒரு மாலை துணிந்து கிளம்பியவர் பூட்டிய கதவைக் கண்டால் அடுத்து எங்கே போவார் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. ஆகவே நம் தொண்டர்கள் ஒவ்வோர் இடத்துக்கும் நேரில் சென்று பார்த்த பிறகே தாளில் சேர்த்தார்கள். அந்தத் தாள் இப்போது மருந்துக் கடையிலும், பால் பூத்திலும், இஸ்திரிக் கடையிலும் கேட்பவருக்குக் கிடைக்கும்.

குடும்பத்தாரும் அமரக்கூடிய திறந்த கூட்டம் ஒன்றுக்கு நானும் சென்றேன். தேவாலயத்தை ஒட்டிய சிறு அறை, வட்டமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், தேநீர். ஒருவர் தம் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கினார். சம்பளக் கவரை மனைவியிடம் பிரிக்காமல் கொடுத்த முதல் மாதத்தைப் பற்றிப் பேசினார். யாரும் அறிவுரை சொல்லவில்லை, குறுக்கே பேசவில்லை. நம்மோடு வந்த இளைஞர், மடியில் கோத்திருந்த கைகளைப் பிரிக்காமல் கடைசிவரை கேட்டார். எழும்போது பக்கத்து நாற்காலிக்காரர் தம் தொலைபேசி எண்ணைத் தாளில் எழுதி அவர் சட்டைப் பையில் வைத்தார். "குடிக்கத் தோன்றினால் குடிப்பதற்கு முன் கூப்பிடுங்கள்" என்றார். முகவரியைக் காட்டிலும் உடன் வரும் ஆளே பெரிது என்று நான் சொல்வது இதனால்தான்.

மூன்று எச்சரிக்கைகளைப் பதிவு செய்கிறேன். பல ஆண்டுகளாக நாள்தோறும் நிறையக் குடிப்பவர் தாமாகத் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கத்தோடு நில்லாது. வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு, பிறகு குழு என்பதே முறை. குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலக்கச் சொல்லிச் சுவரொட்டியில் விற்கும் பொடிகளை வாங்காதீர்கள். குடியை வெறுக்கச் செய்யும் மாத்திரையை, மருத்துவர் சொல்லி, நோயாளி அறிந்து மட்டுமே எடுக்கவேண்டும். மறுவாழ்வு மையத்தில் சேர்ப்பதானால், 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி பதிவு பெற்றதா என்று கேளுங்கள். அடித்துத் திருத்துவதாகச் சொல்லும் இடத்தில் உங்கள் பிள்ளையை விடாதீர்கள்.

நள்ளிரவில் வழி தெரியாதவர்கள் 14446 என்ற தேசியப் போதை மீட்பு உதவி எண்ணையோ, 14416 என்ற மனநல உதவி எண்ணையோ அழைக்கலாம். இரண்டும் கட்டணமில்லாதவை.

குடிப்பவர் வர மறுத்தாலும் வீட்டிலுள்ளவர்கள் வரலாம். அவர்களுக்கென்று அல்-அனான் குழுக்கள் இருக்கின்றன. கணவர் நிறுத்தட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திராமல் தாமே முதலில் சென்ற சகோதரிகளை இந்தச் சபை வணங்கவேண்டும்.

எத்தனை பேர் குடியை விட்டார்கள் என்று உறுப்பினர்கள் சிலர் கேட்டார்கள். அந்த எண்ணிக்கையை இவ்வறிக்கை தராது. நான்கு தெரு உள்ள நகரில் எண் சொன்னால் பெயர் சொன்னதாகிவிடும். பெயர் காப்பதாக வாக்களித்துத்தான் அவர்களை அழைத்துச் சென்றோம்.

வரும் ஆண்டுக்குப் பொதுக்குழுவிடம் கேட்பவை இரண்டு. கூட்டம் நடக்கும் மாலைகளில் இருசக்கர வாகனத்தோடு துணைக்குச் செல்ல இன்னும் சிலர் பெயர் தரவேண்டும். பெண்களுக்குத் துணையாகப் பெண்களும் வேண்டும். துக்க வீட்டில் வேலை செய்வோருக்குச் சாராயப் பணம் தனியாகக் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்தி, அந்தத் தொகையைக் கூலியோடு சேர்த்தே கொடுப்பது என்று தீர்மானம் நிறைவேற்றவேண்டும்.

இவ்வறிக்கையை ஏற்று ஒப்புதல் அளிக்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்