ஃப்ரீமான்ட்டுலேர்ந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

நாங்க நல்லா இருக்கோம். வெயில் காலத்துல காஞ்சு மஞ்சளா கெடக்குற மலையெல்லாம் மழை பெஞ்சதுல இப்ப பச்சைப்பசேல்னு இருக்கு, வாடகைதான் எந்தக் காலத்துலயும் எறங்க மாட்டேங்குது, அத விடு. காலித் ஹொசைனியோட கைட் ரன்னர் நாவல படிச்சு முடிச்சிட்டு, அதுல வர்ற ஃப்ரீமான்ட் நீ இருக்குற ஊரான்னு போன்ல கேட்டல்ல, அதே ஊர்தான். சென்டர்வில் பக்கத்த லிட்டில் காபூல்னே சொல்லுவாங்க. ஆப்கான் கடைல சுடச்சுட நான் ரொட்டி, உள்ள உருளைக்கிழங்கு வச்ச போலானி, வாரத்துக்கு ஒரு தடவையாவது எங்க வீட்டுக்கு வந்துடும். 1979 கடைசில சோவியத் படை உள்ள பூந்தப்புறம் காபூல வுட்டு வந்த ஜனங்க நெறைய பேர் இங்க குடியேறுனாங்க. கதை சொல்ற அமீரோட அப்பா, அவன் பாபான்னு கூப்புடுறவர், அங்க அவ்ளோ பெரிய பணக்காரர், இங்க வந்து பெட்ரோல் பங்க்ல வேலை, வார லீவுல சான் ஹோசே ஃப்ளீ மார்க்கெட்ல பழைய சாமான் விக்கிறார். அதுவும் நெஜமான சந்தைதான்.

நீ சொன்னியே, சின்ன வயசுல கூட வளந்த வேலைக்காரர் மகன் ஹசனோட புள்ள சொஹ்ராப மீட்க, பெரியவனாகி காபூல் திரும்புன அமீர், அசெஃப் கிட்ட செம்ம அடி வாங்குனான், அதோட அவன் பாவம் கழிஞ்சுதுன்னு. எனக்கு அப்படி தோணலக்கா. 1975 குளிர்காலத்துல ஒரு சந்துல ஹசனுக்கு அந்த அசெஃப் பண்ற கொடுமைய பாத்துட்டு ஓடுறானே, அப்ப அவனுக்கு 12 வயசு, பயந்துட்டான், அத கூட மன்னிக்கலாம். அதுக்கப்புறம் தன் வாட்சையும் பணத்தையும் ஹசன் மெத்தைக்கடில வச்சு திருட்டுப்பட்டம் கட்டுறான் பாரு, அது பயம் இல்ல, யோசிச்சு பண்ணது. ஹசன் முகத்த தெனமும் பாக்க முடியாம அவனையே வீட்ட வுட்டு தொரத்துற வேலை. அவன் வேற, நான்தான் எடுத்தேன்னு பழிய தூக்கி தலைல போட்டுக்கிறான், படிச்சப்ப எனக்கு ஆத்திரமா வந்துச்சு, யார் மேலன்னு கூட தெரியல.

அதனாலதான் எனக்கு சண்டை சீனை விட ஜலாலாபாத் சீன் பெருசா படுது. காபூல் போற வழில அமீர் தங்குற ஏழை வஹீத் வீட்டுல புள்ளைங்க வாட்ச பாக்குதுன்னு நெனச்சு கழட்டி குடுத்துடுறான், ஆனா அதுங்க பாத்தது அவன் தட்டுல இருந்த சோத்த. அவன் சாப்டதால அதுங்களுக்கு அன்னிக்கு ராத்திரி சாப்பாடு இல்ல. மறுநாள் கெளம்பும்போது யாருக்கும் தெரியாம மெத்தைக்கடில பணத்த வச்சிட்டு போறான். அதே வாட்ச், அதே பணம், அதே மெத்தைக்கடி, இந்த தடவை குடுக்குறதுக்கு! இத நீ கவனிச்சியா? அடி வாங்கி மேல் உதடு கிழிஞ்சு, பொறக்கும்போதே உதடு பிளந்திருந்த ஹசன் மாதிரியே தழும்பு ஆவுறது எல்லாம் கொஞ்சம் நம்ம சினிமா மாதிரி இருக்கு, எனக்கு ஒட்டல.

அடி வாங்குனப்புறம் கூட சொஹ்ராப் கிட்ட, உன்ன அநாதை இல்லத்துக்கு அனுப்ப மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டு, தத்தெடுக்குறத பத்தி பேசப் போன வக்கீல் சொன்னதும், கொஞ்ச நாளைக்கு போகணும் போலருக்குன்னு பேச்ச மாத்துறான். அந்தப் புள்ள பாத்ரூம்ல கைய அறுத்துக்குது. பாவம் கழிஞ்ச ஆளுக்கு இது எப்படி நடக்கும் சொல்லு? அப்புறம் அமெரிக்கா வந்து மாசக்கணக்கா பேசாத புள்ளைய வச்சுக்கிட்டு, கைமாறு எதுவும் கெடைக்கலன்னாலும் கூடவே இருக்கான். என்னைக் கேட்டா பரிகாரம் அதுதான்.

கடைசில பட்டம் வுடுறாங்களே, அந்த லேக் எலிசபெத் பார்க் எங்க வீட்லேர்ந்து கார்ல கிட்டதான், காத்து நல்லா அடிக்கும். நீ வந்தா கூட்டிட்டு போறேன், மாமாவையும் பாஸ்போர்ட் எடுக்கச் சொல்லு, எத்தன தடவ கேக்குறது. அம்மாக்கு சுகர் மாத்திரை தீந்துடுச்சான்னு பாத்து சொல்லு, பணம் போடுறேன்.

அன்புடன்,
உன் தம்பி