300 டிகிரியில் டெம்பர் போடாதே

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. பாப்பா ஒன்றாம் வகுப்புக்குப் போக ஆரம்பித்துவிட்டாள், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனசு லேசானது. இங்கே நானும் நலம். சென்னை வெயில்தான் வாட்டுகிறது. ஐஐடி வளாகத்துக்குள் மரங்களும் புள்ளிமான்களும் இருப்பதால் பரவாயில்லை.

மெக்கானிக்கல் படித்த நமக்கு மெட்டீரியல்ஸில் எம்.டெக். ஒத்துவருமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக வரும். அதிலும் பட்டறையில் நின்று வேலை பார்த்த உனக்கு இந்தப் படிப்பு வேறு மாதிரி ருசிக்கும்.

கோவையில் நாம் வேலை பார்த்தபோது உலையைக் கவனித்துக்கொண்ட பெரியவர் ஞாபகம் இருக்கிறதா? "300 பக்கம் மட்டும் டெம்பர் போட்டுறாதீங்க அம்மிணி, சட்டுனு முறிஞ்சுரும்" என்பார். ஏன் என்று நாம் கேட்டதும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை. போன செமஸ்டரில் அதற்கு விடை கிடைத்தது. ஈஎன் 24 என்ற அலாய் ஸ்டீலை 850 டிகிரி வரை காய்ச்சி எண்ணெயில் முக்கினால் மார்டென்சைட் என்ற உள்ளமைப்பு உருவாகிறது. கடினமானதுதான், ஆனால் எளிதில் உடையும். அதனால்தான் அதைக் குறைந்த சூட்டில் மறுபடி காய்ச்சி டெம்பர் செய்கிறோம். வெப்பத்தைக் கூட்டக் கூட்டக் கடினம் குறைந்து, அடி தாங்கும் சக்தி கூட வேண்டும். ஆனால் ஏறத்தாழ 250 முதல் 400 டிகிரிக்குள் அடி தாங்கும் சக்தி கூடுவதற்குப் பதில் குறைந்துவிடுகிறது. மார்டென்சைட்டாக மாறாமல் நடுவே மிஞ்சி நின்ற ஆஸ்டெனைட், அதாவது உலைச் சூட்டில் இருந்த பழைய உள்ளமைப்பு, அந்த வெப்பத்தில் சிதைந்து, இரும்பும் கார்பனும் சேர்ந்த சிமென்டைட் மெல்லிய படலமாகப் படிகிறது. கிரெய்ன் எனும் சிறு படிகங்களின் எல்லைகளில் பாஸ்பரஸ் போன்ற மாசும் சேர்ந்திருந்தால் விரிசலுக்கு ராஜபாட்டைதான். அந்தப் பெரியவர் சொன்னது அத்தனையும் சரி. வகுப்பில் இதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இதே போல இன்னொன்று. ஒரு படிகத்தை வளைக்க எவ்வளவு விசை வேண்டும் என்று அணுக்களை வைத்துக் கணக்கிட்டால், நிஜத்தில் தேவைப்படுவதைவிடப் பல நூறு மடங்கு, சில உலோகங்களில் ஆயிரக்கணக்கான மடங்கு அதிகமாக வருகிறது. 1934-இல் டெய்லர், ஒரோவான், போலன்யி என்ற மூன்று விஞ்ஞானிகளும் தனித்தனியாக இதற்குக் காரணம் சொன்னார்கள். பெரிய பவானி ஜமுக்காளத்தை அப்படியே இழுத்தால் நகராது. ஒரு ஓரத்தில் மடிப்பு உண்டாக்கித் தள்ளிக்கொண்டே போனால் நகர்ந்துவிடும். படிகத்துக்குள் அந்த மடிப்பின் வேலையைச் செய்வது டிஸ்லொகேஷன், அதாவது அணு வரிசையில் இருக்கும் ஒரு பிசகு. உலோகத்தை வலுவாக்குவது என்றால் பெரும்பாலும் அதன் ஓட்டத்துக்குத் தடை போடுவதுதான்.

லேபில் பொறுமை வேண்டும். ஒரு துண்டு ஸ்டீலை வெட்டி, பேக்கலைட்டில் பதித்து, சிலிக்கன் கார்பைடு தாளில் தேய்க்கிறோம். ஒவ்வொரு தாள் மாற்றும்போதும் துண்டை 90 டிகிரி திருப்பி, முந்தைய கீறல் மறையும்வரை விடக்கூடாது. அப்புறம் துணியில் வைரப் பசை போட்டுக் கண்ணாடி போல மெருகேற்றி, ஆல்கஹாலில் கலந்த நைட்ரிக் அமிலத்தில் சில நொடிகள் காட்டிக் கழுவி, மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், இரும்பும் சிமென்டைட்டும் அடுக்கடுக்காக அமைந்த பியர்லைட் வரிவரியாகத் தெரியும். அந்த வரிகளை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

எம்.டெக். சேர எழுதும் கேட் தேர்வுக்கு எக்ஸ்இ (இன்ஜினியரிங் சயன்சஸ்) தாள் உனக்குப் பொருந்தும். கணிதம் கட்டாயம், 15 மதிப்பெண். மெட்டீரியல்ஸ் சயன்ஸ், சாலிட் மெக்கானிக்ஸ் இரண்டையும் எடுத்துக்கொள், தலா 35. எந்தத் துறை எந்தத் தாளை ஏற்கிறது என்பதை விண்ணப்பிக்கும் முன் பார்த்துவிடு. உதவித்தொகை மாதம் 12,400 ரூபாய்தான். வீட்டுக் கடன் இருக்கும்போது இது சின்ன விஷயமில்லை, அண்ணனிடம் உட்கார்ந்து பேசு. தெர்மோடைனமிக்ஸை இப்போதே தூசி தட்டு. முதல் ஆண்டில் என்னை அதிகம் படுத்தியது அதுதான். இரண்டாம் ஆண்டு முழுக்க புராஜெக்ட் என்பதால், கல்லூரிப் பெயரைவிட எந்த லேபில் யாரிடம் சேர்கிறாய் என்பதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

உங்கள் யூனிட்டில் ஷாஃப்ட் உடைந்தது என்று எழுதியிருந்தாயே, அதைத் தூக்கிப் போட்டுவிடாதே. உடைந்த முகத்தை விரலால் தொடாதே, இரண்டு துண்டையும் சேர்த்துப் பொருத்திப் பார்க்காதே. ஈரம் படாமல் தனித்தனியாகச் சுற்றி எடுத்து வா. எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் நேரம் வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
கயல்