தராசில் ஏற்றும் முன்: கொங்கு நாட்டுப் பழைய காகிதக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, கோபி, தாராபுரம், பொள்ளாச்சி வட்டாரங்களில் பழைய இரும்பும் காகிதமும் எடைக்கு வாங்கும் அண்ணன்மார்களுக்கும், கடையின் பின்புறம் உட்கார்ந்து காகிதத்தைத் தரம் பிரிக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து, "பையனுக்குப் பாடப் புத்தகம் ஏதாவது கிடக்கிறதா?" என்று கேட்டபடி உங்கள் குவியலைக் கிளறும் ஆட்களை உங்களுக்குத் தெரியும். பாதிப் பேருக்குப் பையனே கிடையாது. இருந்தாலும் அவன் கல்லூரி முடித்து வேலைக்குப் போயிருப்பான். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். எங்கள் தொழில் ரகசியத்தை இந்த மடலில் போட்டு உடைக்கப் போகிறேன். சக சேகரிப்பாளர்கள் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

எங்கள் முதல் வித்தை நடிப்பு. தேடிய புத்தகம் கையில் தட்டுப்பட்டால் உள்ளே படபடவென்று அடித்துக்கொள்ளும். அதை முகத்தில் காட்டக் கூடாது. வேண்டிய ஒன்றை வேண்டாத பத்துக்கு நடுவில் செருகி, "எல்லாம் சேர்த்து எடை போடுங்கள் அண்ணா" என்போம். நீங்களும் பழைய நோட்டு விலைக்கே போட்டுத் தருவீர்கள். ஆயிரம் ரூபாய்க்கும் மேலே கைமாறக்கூடிய நூல் அப்படித்தான் சில்லறைக்கு எங்கள் பைக்குள் வருகிறது. அடுத்த தெரு டீக்கடையில் உட்கார்ந்து அதை வெளியே எடுக்கும் நேரம் இருக்கிறதே, அதற்காகத்தான் இத்தனை அலைச்சலும். ஈயத்தில் அச்சுக் கோத்து அடித்த பக்கத்தின் பின்புறத்தைத் தடவினால் எழுத்தின் மேடு விரலுக்குத் தெரியும். முதல் பக்கத்தில் மசி மங்கிய கையெழுத்தில் யாரோ யாருக்கோ கல்யாணப் பரிசாக எழுதித் தந்தது இருக்கும். நடுவில் ஒரு மயிலிறகு, ஒரு பஸ் டிக்கெட், மளிகைக் கடைச் சீட்டு. படிக்கத் தொடங்கும் முன்பே அரை மணி நேரம் போய்விடும்.

இந்தச் சுகத்தை நாங்கள் மட்டும் அனுபவித்துக்கொண்டு உங்களை விவரம் தெரியாதவர்களாகவே வைத்திருப்பது நியாயம் இல்லை. அதனால் எங்களுக்கே நட்டம். விவரம் தெரியாததால்தான், நாங்கள் வராத ஆறு நாளில் வருவதெல்லாம் அட்டை தனி, தாள் தனி என்று கிழிபட்டு, கட்டாகி, குடோனுக்குப் போகிறது. அங்கிருந்து ஆலை. நம் பக்கம் ஆலைக்குப் பஞ்சமா? புகளூரில் காகிதபுரம் என்றே ஓர் ஊர் உண்டு. பள்ளிபாளையத்தில் காவிரிக் கரையில் 1960-களிலிருந்து தாள் உற்பத்தி நடக்கிறது. ஆலைகளை நான் குறை சொல்லவில்லை. கரும்புச் சக்கையையும் கழிவுத் தாளையும் மீண்டும் தாளாக்குவது மரத்தைக் காக்கிற வேலை. பழைய கேள்வித்தாள், விலைப்பட்டியல், வழிகாட்டி நூல் எல்லாம் கூழாகட்டும். மறுபதிப்பே வராத புத்தகம் அவற்றோடு சேர்ந்து கூழாவதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

எதைத் தனியே எடுத்து வைப்பது என்று கேட்பீர்கள். எடையை நம்பாதீர்கள். உங்கள் தராசில் முள்ளைச் சாய்க்கும் தடிமனான சட்டப் புத்தகத்தை நாங்கள் தொடக்கூட மாட்டோம். முள்ளையே அசைக்காத இருபது முப்பது பக்கக் கும்மிப் பாட்டுப் புத்தகத்துக்கு அடித்துக்கொள்வோம். தாது வருடப் பஞ்சம் (1876–78), வெள்ளம், கொலை வழக்கு, புதிதாக வந்த ரயில் எல்லாவற்றையும் பாட்டாகக் கட்டி அச்சடித்துச் சந்தையில் விற்ற காலம் ஒன்று இருந்தது. பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களும் அந்த வகைதான். தாள் மட்டமானது, தொட்டால் உதிரும். வாங்கியவர்கள் படித்து, பாடி, கிழிந்ததும் எறிந்துவிட்டார்கள். அதனால்தான் கிடைப்பதில்லை.

வயதைக் கண்டுபிடிக்க விலையைப் பாருங்கள். ரூபாய் - அணாவில் விலை போட்டிருந்தால் அநேகமாக 1957-க்கு முந்தியது. அந்த ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதிதான் நயா பைசா வந்தது. "ந.பை." என்றிருந்தால் அதற்கு அடுத்த சில ஆண்டுகள். 1964-க்குப் பிறகு அது வெறும் பைசா ஆகிவிட்டது. விலை கிழிந்துபோயிருந்தால் எழுத்தைப் பாருங்கள். ‘லை’, ‘னை’ எழுத்துகளுக்கு யானைத் துதிக்கை மாதிரி மேலே வளைந்த கொம்பு இருந்தால் அது எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அச்சு. சீர்திருத்த ஆணை வந்தது 1978-இல். சில அச்சகங்கள் பழைய எழுத்தை வைத்து மேலும் சில ஆண்டுகள் ஓட்டின. ஆங்கில ஆண்டே போடாமல் விரோதி, விகிர்தி என்று தமிழ் வருடப் பெயர் மட்டும் இருந்தால் தயவுசெய்து அட்டையைக் கிழிக்காதீர்கள்.

நம் மண்ணுக்கென்று சில உண்டு. ‘குடிஅரசு’ வார இதழ் 1925 மே மாதம் ஈரோட்டில்தான் தொடங்கியது. அதன் ஒற்றை இதழ், ஓரம் அரித்துப்போயிருந்தாலும், தனியே வையுங்கள். ‘வானம்பாடி’ என்ற பெயரில் 1971-இல் கோவையிலிருந்து வந்த கவிதை இதழ் இன்னொன்று. ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ 1942-இல் வந்தது. கொங்குக் குடியானவரின் பேச்சையும் பங்காளிச் சண்டையையும் நாவலில் ஏற்றிய அந்த நூலின் முதற்பதிப்பு உங்கள் குவியலில் கிடந்தால் எனக்கு முன்பே வேறொருவர் வந்துவிடுவார். என் தலைவிதி.

சின்னப் பையன் சரக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1972-இல் தொடங்கிய முத்து காமிக்ஸின் ஆரம்ப இதழ்களுக்கு, தலை நரைத்த வங்கி அதிகாரிகள் ஏலம் கேட்கிறார்கள். மாஸ்கோவிலிருந்து வந்த தமிழ்ப் புத்தகங்களும் அப்படியே. கெட்டி அட்டை, வழுவழுப்பான தாள், நம்ப முடியாத மலிவு விலை. சோவியத் ஒன்றியம் 1991-இல் கலைந்ததும் அந்த வரத்து நின்றது.

எனக்குத் தனிப் பலவீனம் பைண்டு செய்த தொடர்கதைகள். வாரப் பத்திரிகையிலிருந்து பக்கங்களை வெட்டிச் சேர்த்து, அச்சகத்தில் கொடுத்துத் தைத்து, முதுகில் பெயர் எழுதி வைத்திருப்பார்கள் அந்தக் காலத்துப் பெண்கள். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்தபோது மணியம் போட்ட படங்களோடு அப்படி ஒரு பைண்டு கிடைத்தால், கடையில் புதிதாக விற்கும் எந்தப் பதிப்பும் அதற்கு ஈடில்லை. கதையின் பக்கத்திலேயே அந்த வாரத்துத் தலைவலி மாத்திரை விளம்பரமும் இருக்கும்.

எல்லாம் கணினியில் ஏற்றிவிட்டார்களே என்று சிலர் சொல்வார்கள். ஏற்றியவை ஏராளம், மறுக்கவில்லை. ஆனால் எங்கோ ஒரு பிரதி பிழைத்திருந்தால்தானே ஏற்ற முடியும்? செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா சேர்த்து வைத்த புத்தகங்கள்தாம் அவர் 1992-இல் மறைந்த பிறகு சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. அவர் பேராசிரியர் இல்லை. குப்பை என்று மற்றவர்கள் தள்ளிய துண்டுப் பிரசுரத்தையும் அழைப்பிதழையும்கூட விடாமல் எடுத்து வைத்தவர்.

பெருமை பேசியது போதும். இந்தப் பித்துக்குக் கெட்ட பக்கமும் உண்டு. அதில் உங்கள் உதவி வேண்டும். ‘கலைக்களஞ்சியம்’ தெரியும் அல்லவா? நம் பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கொண்டுவந்தது. வீட்டில் பாகம் பிரித்தார்களோ என்னவோ, உங்களிடம் எப்போதும் ஒற்றை ஒற்றையாகத்தான் வரும். நான்காம் தொகுதி கோபியில், எட்டாம் தொகுதி உடுமலையில். விடுபட்ட ஒன்றுக்காக, ஏற்கெனவே வீட்டில் இருக்கும் மூன்றையும் சேர்த்து விலைக்கு வாங்கும் ஆட்கள் நாங்கள். "வேறு யாருக்காவது கொடுக்கலாம்" என்று சமாதானம் சொல்லிக்கொள்வோம். கொடுக்க மாட்டோம். படிக்காமலே அடுக்கி வைத்திருப்பவர்களை எனக்குப் பிடிக்காது என்று மேடையில் பேசுவேன். என் பரணைப் பார்த்தவர்கள் அதை நம்புவதில்லை. ஆகவே நான் இரண்டாம் பிரதியைத் தூக்கினால் தைரியமாகக் கேளுங்கள்: "போன மாதம்தானே இதை எடுத்துப் போனீர்கள்?"

இன்னொன்று கடுமையாகச் சொல்ல வேண்டியது. பொது நூலக முத்திரை குத்திய புத்தகம் உங்களிடம் வருவதுண்டு. நூலகமே கழித்துக் கட்டியதாக உள்ளே குறித்திருந்தால் சரி. குறிப்பு இல்லையென்றால் அதை எனக்கு விற்காதீர்கள், நான் எவ்வளவு கெஞ்சினாலும். எங்கள் ஆட்களுக்கு அந்த இடத்தில்தான் கை நடுங்கும். முத்திரையைச் சுரண்டிவிட்டு அலமாரியில் வைக்கிற பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள். 1948-இல் பொது நூலகச் சட்டம் வந்தபோது சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சர் திருப்பூரில் பிறந்த அவினாசிலிங்கம். அந்தச் சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். உங்கள் கடைக் கட்டடத்துக்கும் அந்த வரி உண்டு. ஆகவே அது உங்கள் புத்தகமும்தான். கிளை நூலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.

இனி வியாபாரம். தை நோம்பிக்கு, அதாவது பொங்கலுக்கு, வெள்ளையடிக்கும் மார்கழிக் கடைசியில்தான் பரணும் மச்சும் காலியாகும். போகியன்று வீட்டில் வேப்பிலையும் பூளைப்பூவும் கட்டும் காப்புக் கட்டுக்கு முந்திய வாரம் உங்களிடம் லோடு குவியும். பெரியவர் ஒருவர் காலமாகி, காரியம் முடிந்த வீட்டிலிருந்தும் வண்டியோடு வரும். அந்த வண்டியைத்தான் முக்கியமாகச் சொல்கிறேன்: வாங்கும்போதே "இவற்றில் யாருக்காவது தேவையானது இருக்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வெளியூர் மகனுக்கோ பேத்திக்கோ செய்தியே போயிருக்காது.

மேலே சொன்ன அடையாளம் எது தெரிந்தாலும் ஒரு சாக்கில் போட்டு ஓரமாக வையுங்கள். மழை படாத இடமாக, தரையிலிருந்து ஒரு செங்கல் உயரத்தில். கரையான் எங்களைவிட வேகமாகப் படிக்கும். சாக்கை அப்படியே எடுத்துக்கொள்கிறோம், பொறுக்க மாட்டோம். குடோன்காரர் தரும் விலையைப் போல மூன்று மடங்கு எடைக்கு. அதில் அரிய நூல் இருந்தால் தனி விலை பேசிக்கொள்வோம், நடிக்காமல். பேரம் பேசினால் என்னைத் துரத்தலாம். தரம் பிரிக்கும் அக்கா கண்டெடுத்ததாக இருந்தால் அந்தத் தனி விலையில் ஒரு பங்கு அவருக்குப் போக வேண்டும்; அதில் மட்டும் நான் கறார்.

இப்படிக்கு,
உங்கள் கடைவாசல்களில் அடிக்கடி குந்தியிருக்கும் புத்தகப் பித்தன்,
கோயம்புத்தூர்.