செவ்வாய்க்கிழமை அக்காவுக்கும் மற்ற எல்லாருக்கும்

அம்மா படுக்கையில் விழுந்த கதையைத் திரும்பச் சொல்ல வேண்டாம், தெருவுக்கே தெரியும். நேற்று நர்ஸ் வந்து புரட்டிப் பார்த்துவிட்டு, "தோல் எங்கேயும் விடலை" என்றார். படுக்கைப் புண்ணால் தோல் எங்கும் கிழியவில்லை என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்த மடல்.

முதல் நன்றி, நலக் குழுவிலிருந்து செவ்வாய்தோறும் வரும் அக்காவுக்கு. அவரை யாரும் கூப்பிடவில்லை. படுக்கையில் இருப்பவர்கள், தனியாக இருக்கும் முதியவர்கள், இன்சுலின் போடுகிறவர்கள் என்று கையில் ஒரு பட்டியல்; அதைப் பார்த்துக் கதவைத் தட்டுகிறார். அன்று பிரஷர் பார்த்து எழுதிவிட்டு, ஒரு காலைச் செருப்பில் நுழைத்தவர் என்ன நினைத்தாரோ, திரும்பி வந்து, "சாக்ஸைக் கழட்டுங்க, குதிகாலைப் பாத்துடறேன்" என்றார்.

சிவந்த இடத்தை விரலால் மூன்று விநாடி அழுத்தி எடுக்க வேண்டும். வெளுத்து மறுபடி சிவந்தால் ரத்த ஓட்டம் இருக்கிறது. வெளுக்கவே இல்லையென்றால், தோல் கிழியாவிட்டாலும் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் இந்தச் சிவப்பு கண்ணில் படாமலே போகலாம். அதனால் அக்கா இரண்டு குதிகாலிலும் புறங்கையை மாற்றி மாற்றி வைத்தார். இடது பக்கம் சூடாக, கொழகொழவென்று இருந்தது.

தேய்த்துவிட எண்ணெய் எடுத்தபோது தடுத்துவிட்டார். நசுங்கிய இடத்தைத் தேய்த்தால் உள்ளே இருக்கும் நுண்குழாய்கள் இன்னும் கெடும். குதிகாலுக்கு அடியில் தண்ணீர் நிரப்பிய கையுறையும் வேண்டாம், வளையத் தலையணையும் வேண்டாம். வளையத்தின் விளிம்பே சுற்றிலும் ரத்தத்தை நிறுத்திவிடும். தலையணையைக் கெண்டைக்காலுக்கு அடியில் நீளவாக்கில் வைத்து, குதிகாலை அந்தரத்தில் விட்டார். முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். குதிகாலுக்கும் மெத்தைக்கும் நடுவே ஒரு தாள் தடையில்லாமல் போகிறதா என்று பார்த்த பிறகுதான் கிளம்பினார்.

ஏர்பெட்டை, அதாவது மோட்டாரால் காற்று நிரப்பும் மெத்தையை, இரவல் தந்த வீட்டாருக்கும், இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் வந்து புரட்டிவிட்ட தம்பிகளுக்கும், படுக்கை விரிப்பு துவைத்துத் தந்தவர்களுக்கும் நன்றி. ஏர்பெட் இருந்தால் புரட்ட வேண்டாம் என்று பலர் நம்புகிறார்கள். தவறு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டினோம், அதுவும் முப்பது டிகிரிச் சாய்வில்தான். முழுசாக ஒருக்களித்தால் இடுப்பெலும்பின் மேல் மொத்த எடையும் இறங்கும். இழுக்காமல், விரிப்போடு சேர்த்து இருவராகத் தூக்கி நகர்த்தினோம். மின்சாரம் போனால் மெத்தை மெல்ல இறங்கிவிடும். அதனால் இடுப்புக்கு நேராக மெத்தைக்கு அடியில் உள்ளங்கையை நுழைத்துப் பார்ப்பது வழக்கமானது. எலும்பு கையில் தட்டினால் காற்று போதவில்லை. மேலே இரண்டு மூன்று விரிப்பு போட்டாலும் மெத்தை இருந்தும் இல்லாததுபோலத்தான்.

அம்மா எழுந்து உட்கார ஆரம்பித்ததும் மெத்தையையும் மோட்டாரையும் துடைத்துத் தந்துவிடுவோம். அடுத்த மாதத்திலிருந்து செவ்வாய்தோறும் எங்கள் வீட்டிலிருந்து ஒருவர் அக்காவோடு வருவார். ஒரே ஒரு வேண்டுகோள்: அந்தப் பட்டியலில் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் பக்கத்தில் குதிகாலுக்கும் ஒரு கட்டம் போட்டுவிடுங்கள்.