ஆண்டறிக்கை: அணைக்குக் கீழே இந்த இலையுதிர்காலம்

நம் தூண்டில் மீன்பிடிச் சங்கத்தின் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார், சந்தா பாக்கியையும் அவரே சொல்வார். நான் ஆற்றைப் பற்றி மட்டும் பேசுகிறேன், ஏனென்றால் இந்த வருடம் செயற்குழுவுக்கு வந்த கேள்வி, புகார் எல்லாமே அதைச் சுற்றித்தான்.

கோடையில் குறை இல்லை. நீர்த்தேக்கத்தின் ஆழத்திலிருந்து தண்ணீர் வருவதால் வெயில் எவ்வளவு காய்ந்தாலும் கீழே ஆறு சில்லென்றே ஓடியது. 20 டிகிரியைத் தாண்டினால், குளிர்ந்த நீரில் வாழும் நம் ட்ரவுட் மீன் திணறும், அந்தக் குளிர்தான் அதைக் காப்பாற்றுகிறது. ஆனால் அதே அடித்தண்ணீர் மாதக்கணக்கில் மேல்நீரோடு கலக்காமல் கிடந்து, இலையுதிர்காலம் தொடங்கும்போது ஆக்ஸிஜன் குறைந்து, சில நாள் அழுகின முட்டை வாடையோடு வரும். அந்த நாட்களில் அணையடியில் நின்று தூண்டில் வீசிப் பயனில்லை, தண்ணீர் பாறையில் மோதி நுரைத்து, காற்று கலந்து ஓடும் இடத்துக்கு இறங்கிப் போங்கள். மேல்நீர் குளிர்ந்து அடிநீரோடு கலந்த பிறகு எல்லாம் சரியாகிவிடும். தேக்கம் வற்றினால் கதையே வேறு: கொலராடோ ஆற்றில் கிளென் கேன்யன் அணைக்குக் கீழே 2022இல் மேல்மட்டத்து வெதுவெதுப்பான தண்ணீரே டர்பைன் குழாய்க்குள் போய், கீழே ஆறு 20 டிகிரியைத் தாண்டியது.

மீன்பிடிப்பு எப்படி என்று கேட்கிறவர்களுக்குச் சுருக்கமாக. ஓட்டம் சீராக, வானம் மூடியிருந்தால் மதியவாக்கில் ட்ரவுட் தின்னும் சின்ன ஆலிவ் மேஃப்ளைப் பூச்சி எழும்பும், அதைப் போலக் கட்டிய 18 அல்லது 20ஆம் எண் சின்னக் கொக்கியும் மெல்லிய தூண்டில் நரம்பும் போதும். தண்ணீர் ஏறினால் உதிர்ந்த இலைதான் கொக்கியில் மாட்டும். ஏறுவது தெரிந்த உடனே கரைக்கு வந்துவிடுங்கள், இன்னும் இரண்டு வீச்சு என்று நிற்காதீர்கள்.

இப்போது முக்கியமான விஷயம். பிரவுன் ட்ரவுட் முட்டையிடுவது இந்தக் காலத்தில்தான். பெண் மீன் வாலால் கல்லைக் கிளறிப் போடும். பாசி படிந்த பழுப்புக் கற்களுக்கு நடுவே கழுவி வைத்ததுபோல் வெளுத்த ஒரு நீள்வட்டம் தெரியும். அதன் மேல்முனையில் குழி, கீழ்முனையில் கூழாங்கல் மேடு. முட்டை இருப்பது அந்த மேட்டுக்குள், ஆகவே குழியைத் தாண்டிக் கால் வைத்தேன் என்று யாரும் நிம்மதியடைய வேண்டாம். அங்கே நிற்கும் மீனுக்குத் தூண்டிலும் போடாதீர்கள்.

நாம் மிதிக்காமல் இருந்தாலும் மதகு கெடுத்துவிடும். மின் தேவைக்காக நிறையத் தண்ணீர் விடும்போது மீன் கரையோரக் கல்லில் முட்டையிடுகிறது, அப்புறம் திடீரென்று குறைத்தால் அந்த இடம் வெளியே தெரிகிறது. ஈரக் கல்லுக்குள் முட்டை கொஞ்ச காலம் தாங்கும், பொரிந்த குஞ்சு தாங்காது. 10 டிகிரியில் பொரிய ஏறக்குறைய ஆறு வாரம், 5 டிகிரியில் இரு மடங்கு. அதற்குப் பிறகும் குஞ்சு சில வாரம் கல்லுக்குள்ளேயே இருக்கும். குளிர்காலம் முழுக்க, சில வருடம் வசந்தம் வரைகூட, ஆபத்து நீள்கிறது.

எனவே செயற்குழு இரண்டைக் கேட்கத் தீர்மானித்திருக்கிறது: முட்டையிடும் காலத்தில் ஓட்டத்தை மிதமாக வைத்து, குஞ்சு வெளியேறும் வரை அதற்குக் கீழே இறக்கக் கூடாது, குறைத்தே ஆக வேண்டுமென்றால் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அணை நிர்வாகத்துக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தின் நகல் மேசையில் இருக்கிறது, படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

செயலாளர்