ஜப்பானின் கிட்டகட்டாவிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

தம்பி கையெழுத்தில் நீ அனுப்பிய கடிதம் போன வாரமே கிடைத்தது. நான் போனில் இரண்டு நிமிடம் பேசிவிட்டு வைத்துவிடுகிறேன், கிறிஸ்துமஸுக்குக்கூட நாலு வரி எழுதவில்லை என்று வருத்தப்பட்டிருந்தாய். தப்பு என்னுடையதுதான். இனி மாதம் ஒன்று கட்டாயம் எழுதுகிறேன்.

குளிரைப் பற்றிக் கேட்டிருந்தாய். பனி இடுப்பளவு கிடக்கிறது. பக்கத்து வீட்டுத் தாத்தா விடியுமுன்பே எழுந்து தன் வாசலோடு என் வாசலையும் சேர்த்து வாரி ஒதுக்கிவிடுகிறார். நன்றி சொன்னால் பதில் வராது. மறுநாள் வாசலில் இரண்டு முள்ளங்கி இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை முதியோர் இல்லத்தில் இரவுப் பணி முடிந்து காலை ஏழு மணிக்கு வந்தேன். தாத்தா தெருவில் நின்று, வா என்று கைகாட்டிவிட்டு முன்னால் நடந்தார். போய் நின்ற இடம் ஒரு ராமென் கடை. சூடான சாற்றில் நூடுல்ஸ் போட்டுத் தருவதுதான் ராமென். பழைய வீட்டின் முன்னறைதான். வாசலில் தொங்கும் நீலத் துணி வெளுத்துப் போயிருந்தது. உள்ளே ஆறு இருக்கை, நடுவில் மண்ணெண்ணெய் அடுப்பு. காலையிலேயே ராமெனா என்று கேட்பாய். இந்த ஊரில் அது வழக்கம், ‘அசா ரா’ என்கிறார்கள். வயலுக்குப் போகிறவர்களும் என்னைப் போல இரவு வேலை முடித்து வருகிறவர்களும் சாப்பிட்டுப் பழகியதாம். சின்ன ஊர்தான், ஆனால் சப்போரோ, ஹகாட்டாவோடு இதன் ராமெனையும் சேர்த்து ஜப்பானின் மூன்று பெரிய ராமென்கள் என்று சொல்கிறார்கள். சுமார் 100 ஆண்டுகளுக்கு முன் சீனாவிலிருந்து பிழைக்க வந்த ஓர் இளைஞர் தள்ளுவண்டியில் விற்றுத் தொடங்கி வைத்தாராம். தாத்தா அவ்வளவு பேசி அன்றுதான் கேட்டேன்.

நூடுல்ஸ் பட்டையாக, நெளிநெளியாக இருந்தது. மாவில் தண்ணீர் அதிகம் விட்டுப் பிசைவதால் மெத்தென்று இருக்கும். சோயா சாஸ் விட்ட தெளிந்த சாறு, மேலே பன்றி இறைச்சி, வெங்காயத்தாள். கிண்ணத்தின் மேல் குனிந்தேன், ஆவியில் நம் வீட்டு முற்றம் வாசனை அடித்தது. நெத்திலிக் கருவாடு, அம்மா! பன்றி எலும்போடு அதையும் போட்டுத்தான் சாறு இறக்குகிறார்கள். நாம் அப்படியே வெயிலில் காயப் போடுகிறோம், இவர்கள் உப்புநீரில் அவித்துக் காய வைக்கிறார்கள். ‘நிபோஷி’ என்று பெயர்.

கடைக்கார ஆச்சி அடுப்போரம் உட்கார்ந்து அதைத்தான் ஆய்ந்துகொண்டிருந்தார். கட்டைவிரலால் தலையைத் திருகி, வயிற்றைக் கீறிக் கறுப்பை எடுத்துப் போடுகிறார். எடுக்காவிட்டால் சாறு கசக்குமாம். நீ சொல்வதும் அதேதானே. கேட்காமலே நானும் ஒரு பிடி எடுத்து ஆய்ந்தேன். என் விரலைப் பார்த்துவிட்டு ஆச்சி முறத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தார். பத்துப் பதினைந்து ஆய்ந்திருப்பேன், அதற்குமேல் கண் தெரியவில்லை. நீ சுளகை மடியில் வைத்துக்கொண்டு காக்கையை விரட்டுவது அப்படியே முன்னால் நின்றது. எத்தனை நாளாயிற்று அம்மா, உன் பக்கத்தில் உட்கார்ந்து.

காசை எடுப்பதற்குள் தாத்தா கொடுத்துவிட்டார். சாப்பாட்டுக்கு எனக்கு ஒரு குறையும் இல்லை, பேச்சுத் துணைக்கும் இவர்கள் இருக்கிறார்கள். நீ கவலைப்படாதே.

இந்த மாதப் பணம் 25ஆம் தேதிக்கு மேல்தான் வரும். குளிர்காலத்தில் மண்ணெண்ணெய்ச் செலவு கொஞ்சம் கூடுதல், வேறொன்றுமில்லை. வந்ததும் வள்ளத்து என்ஜினுக்கு முதலில் கொடுங்கள். பெரியப்பாவிடம் வாங்கியதை ஈஸ்டருக்குள் நானே அடைத்துவிடுவேன் என்று அப்பாவிடம் சொல். சின்னவளுக்கு வந்திருக்கும் சம்பந்தத்தில் அவசரப்பட வேண்டாம். பையன் வேலையை மாமா ஒருமுறை நேரில் போய் விசாரித்து வரட்டும், அவளிடமும் மனம் விட்டுக் கேள். நகைக்காகக் கூரை வேலையை நிறுத்தாதீர்கள், மழைக்கு முன் முடிக்க வேண்டும். அப்பா முழங்காலுக்கு மருந்து ஒழுங்காகப் போடுகிறாரா? தம்பியின் பரீட்சைத் தேதியையும் எழுதச் சொல்.

இப்படிக்கு,
உன் மூத்தவன்