விலையைச் சொல்லிவிட்டுப் பேசாமல் நில், மகள்

கொக்கட்டிச்சோலை

அன்புள்ள மகளுக்கு,

நேற்றிரவு நீ அனுப்பிய நீண்ட செய்தியை இரண்டு தரம் வாசித்தேன். வங்கி வேலையை விட்டு, மருதமுனைக் கைத்தறித் துணியில் உடுப்புத் தைத்து விற்கத் தொடங்கி எட்டு மாதமாகியும், "நான் உண்மையான வியாபாரி இல்லை அம்மா, வேஷம் போடுகிறேன், ஒரு நாள் எல்லாருக்கும் தெரிந்துவிடும்" என்று எழுதியிருந்தாய். அதன் அடியில், வெள்ளவத்தைக் கடைக்காரர் கேட்பதற்கு முன்னரே சட்டையொன்றுக்கு 300 ரூபாய் குறைத்துக் கொடுத்ததையும், அவர் தர வேண்டிய மூன்று மாதக் காசைக் கேட்க வாய் வரவில்லை என்பதையும் போகிற போக்கில் சொல்லியிருந்தாய். எனக்கு அந்த இரண்டு வரிகள்தாம் பெரிதாகப் பட்டன. உன் மனதிலிருந்த பயம் உன் விலைக்குள் புகுந்துவிட்டது என்பது அங்கேதான் தெரிந்தது.

மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படும்வரை, தயிர்ச் சட்டிகளைப் பாதை என்று நாம் சொல்லும் மிதவைப் படகில் ஏற்றி, மட்டக்களப்பு வாவியைக் கடந்துதான் கிழக்குக் கரையான எழுவான்கரைக்குக் கொண்டுபோவேன் என்பது உனக்கு நினைவிருக்கும். ஆனால், அங்கே ஒரு கடைக்கு முதன்முதலாக 20 சட்டி கொண்டுபோன நாளைப் பற்றி உன்னிடம் நான் சொன்னதில்லை. கடைக்காரர் ஒரு சட்டியின் மூடுதாளை விலக்கி, அதைக் கையில் எடுத்துச் சரித்துப் பார்த்தார். எருமைப் பால் தயிர், மண்சட்டி நீரை உறிஞ்சியதால் இறுகிப்போய் அசையாமல் நின்றது. அவர் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பேச்சில்லாத நேரம் அரை நிமிடம்கூட இருந்திருக்காது. ஆனால் என்னால் அதைத் தாங்க முடியவில்லை. 180 ரூபாய் என்று சொன்ன அதே வாயால், "150க்கும் தரலாம்" என்று நானே சொல்லிவிட்டேன். அவர் குறைக்கச் சொல்லவேயில்லை. எத்தனை சட்டி எடுத்தால் மாலைக்குள் விற்றுத் தீரும் என்றுதான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாராம். பல மாதங்களின் பின் அவரே சொன்னார். திரும்பி வரும்போது பாதையின் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்த ஒரு சொல்லில் 600 ரூபாயை அந்தக் கடை வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்று கணக்குப் பார்த்தேன்.

அன்றிரவு நீ எழுதி மீதி வைத்திருந்த பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றை எடுத்து, ஒரு சட்டித் தயிருக்கு என்ன செலவாகிறது என்று எழுதத் தொடங்கினேன். பால், விறகு, சட்டி, ஏற்றி இறக்கும்போது உடையும் சட்டிகளின் பங்கு, பாதைக் காசு, ஆட்டோக் காசு எல்லாம் எளிதாக எழுத வந்தன. கடைசி வரியில் "என் கூலி" என்று எழுதினேன்; அதற்கு எதிரே ஒரு தொகையை எழுத எனக்கு மூன்று கிழமை சென்றது. விடிய முன் எழும்பிப் பால் காய்ச்சுவதற்குக் கூலி கேட்க எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று தோன்றியது. பிறகு, சட்டி கழுவ வந்த பிள்ளைக்கு நாள்கூலி கொடுத்தபோது, அவளுக்குக் கொடுப்பதை எனக்குக் கொடுக்க ஏன் கை வரவில்லை என்று என்னையே கேட்டேன். அந்தத் தொகையையே எழுதிக் கூட்டினால் சட்டிக்கு 162 ரூபாய் வந்தது. 150க்குக் கொடுத்த ஒவ்வொரு சட்டிக்கும் 12 ரூபாயை என் உழைப்பிலிருந்து நானே கடைக்காரருக்குக் கொடுத்திருக்கிறேன். அடுத்த முறை 180 என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றேன். நெஞ்சு படபடத்தது உண்மை. அந்தக் கொப்பி என் பையில் இருந்ததால் கால் மட்டும் பின்வாங்கவில்லை.

நீயும் நூல், சாயம், நெசவுக் கூலி, தையற் கூலி, வெட்டில் வீணாகும் துண்டு, பார்சல் செலவு எல்லாவற்றையும் எழுதியிருப்பாய். வங்கியில் இருந்தவளுக்கு நான் கணக்குச் சொல்லத் தேவையில்லை. உன் கூலி என்ற வரி அதில் இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

நிறம் கசிந்து திரும்பி வந்த 11 சட்டைகளைப் பற்றியும் எழுதியிருந்தாய். ஒரு மார்கழி மழையில் எனக்கு 35 சட்டிப் பாலும் உறையாமல் போனது. எனக்குக் கைராசி இல்லை, இந்தத் தொழிலை விட்டுவிடுகிறேன் என்று அழுதுகொண்டிருந்தேன். உன் அப்பம்மா ஒரு சட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சட்டி குளிர்ந்துபோய்க் கிடக்கு புள்ள, உறை எப்பிடிப் பிடிக்கும்?" என்று மட்டும் சொன்னார். மறுநாள் அடுப்படியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் சட்டிகளை வைத்துச் சாக்கால் மூடினேன். விடியும்போது தயிர் இறுகியிருந்தது. குளிரில் நடந்த பிழையை என் பிறப்பின் பிழையாக ஓர் இரவு முழுக்கச் சுமந்திருக்கிறேன். ஆகவே உன்னை நீ தீர்ப்பிடுவதற்கு முன் சாயத்தைத் தீர விசாரி. வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு துணியிலும் ஒரு துண்டை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துப் பார். கசிந்தால் அதை நெய்தவரிடம் கொண்டுபோய்க் காட்டு. எந்தச் சாயம் நிற்கும், எது நிற்காது என்று கைத்தறியோடு வாழ்ந்தவர்கள் உன்னை விடவும் என்னை விடவும் அறிவார்கள்.

பயம் எல்லாவற்றையும் தூக்கி எறி என்று நான் சொல்ல மாட்டேன். நம் பக்கத்தில் நுண்கடன் எடுத்து, ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுத்து, கிழமைக் கட்டுக் காசுக்கு ஆள் வரும்போது பின்வாசலால் ஒளிந்த பெண்களை நீயும் பார்த்திருக்கிறாய். 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டப் பெண்களின் கடனுக்கு அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டிய நிலை வந்தது. எனக்கும் அப்படியொரு பத்திரம் நீட்டப்பட்டபோது, கையெழுத்துப் போடாதே என்று உள்ளே ஒன்று தடுத்தது. அதற்கு இன்றும் நன்றி சொல்கிறேன். வட்டி எவ்வளவு, தவறினால் என்ன நடக்கும் என்று கேட்கும் பயம் உனக்கு வேலை செய்யும் பயம். அதைப் பக்கத்தில் வைத்துக்கொள். நீ யார் இதைச் செய்ய என்று கேட்கும் பயத்துக்கு எந்தக் கணக்கும் தெரியாது.

2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு மேல் ஏறியபோது நானும் ஒரே ஆண்டில் மூன்று முறை விலை கூட்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் எல்லாரும் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். இரண்டு கடைகள் வாங்குவதை நிறுத்தின, ஆறு கடைகள் தொடர்ந்து வாங்கின. நிறுத்திய ஒருவர் அடுத்த மாதமே திரும்பி வந்தார்.

வெள்ளிக்கிழமை அந்தக் கடைக்குப் போவதாக எழுதியிருக்கிறாய். எந்தத் திகதியில் எத்தனை சட்டை கொடுத்தாய் என்பதை ஒரு தாளில் எழுதி, அதை அவர் மேசையில் வைத்து, மூன்று மாதக் காசை மரியாதையாகக் கேள். புதிய சட்டைகளுக்கு விலையைச் சொல்லிவிட்டுப் பேசாமல் நில். அவர் பேசாமல் இருந்தால் அவர் எண்ணுகிறார் என்று நினைத்துக்கொள். போவதற்கு முன் உன் கணக்குப் பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பு. கடைசி வரியைத்தான் முதலில் பார்ப்பேன்.

என்றும் உன்,
அம்மா